பார்த்துவிட்டு வெட்டுங்கள்

போன வருடம் எங்கள் பட்சில் ஒருவன் இரண்டு கிழமையாக விரிவுரைகளுக்கு வரவில்லை. போன் எடுத்துக் கேட்டால், "மாமாவுக்குச் சுகமில்லை மச்சான், கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு திரியிறன்" என்றான். என்ன வருத்தம்? "கான்சர்." எங்கே? கொஞ்ச நேரம் பதில் இல்லை. பிறகு "கீழ" என்றான். நாங்கள் குடலாக்கும் என்று நினைத்துக்கொண்டோம். மேற்கொண்டு கேட்கவில்லை.

திரும்பி வந்த அன்று இரவு அவனே எங்கள் அறைக்கு வந்தான். கையில் ஒரு துண்டு. கொழும்பில் ஒரு டொக்டர் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தது. அதில் இருப்பதை மாமாவுக்குத் தமிழில் சொல்ல வேண்டுமாம். அவனுக்கு ஆங்கிலம் நன்றாக விளங்கும். சொல்லத்தான் வாய் வரவில்லை.

துண்டில் இருந்தது மூன்றே மூன்று வசனம். ஆண்குறியில் வந்திருக்கிற புற்றுநோய் எவ்வளவு ஆழத்துக்குப் போயிருக்கிறது என்று பார்க்க எம்.ஆர்.ஐ. ஸ்கான் எடுக்க வேண்டும். தேவைப்பட்டால் ஊசி போட்டு விறைப்பு உண்டாக்கிப் படம் எடுப்பார்கள். அந்தப் படத்தைப் பார்த்த பிறகுதான் முழுதாக எடுப்பதா, ஒரு பகுதியை மட்டும் எடுப்பதா என்று முடிவு செய்யலாம்.

நாங்கள் நாலு பேர் அறையில் இருந்தோம். நாலு பேரும் கலைப்பீடம், இரண்டு பேர் மொழிபெயர்ப்பே பாடமாகப் படிக்கிறவர்கள். அந்த மூன்று வசனத்தோடு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் இருந்தோம். முதல் சொல்லிலேயே நின்றுவிட்டோம்.

மாமாவிடம் கேட்டு, அவர் ஓம் என்ற பிறகுதான் இதை எழுதுகிறோம். அவரை ஆரென்று அடையாளம் பிடிக்கக்கூடிய விவரங்களை விட்டுவிட்டோம். நாங்கள் மருத்துவம் படிக்கிறவர்கள் இல்லை. ஆனால் அந்த இரவிலிருந்து சில மாதம் வாசித்தும் கேட்டும் அறிந்ததில் எங்களுக்கு ஒரு கருத்து வந்திருக்கிறது. எவ்வளவு வெட்டுவது என்பதைப் படம் பார்த்துத் தீர்மானிக்கக்கூடிய காலத்தில், சந்தேகம் இருக்கிற எந்த ஆணுக்கும் பார்க்காமல் வெட்டக்கூடாது. அந்தப் படம் வேண்டும் என்று கேட்க நோயாளிக்கு ஒரு மொழியும் இருக்க வேண்டும்.

இந்த நோய் அரிதானது. 2020ஆம் ஆண்டுக்கான உலகக் கணக்கின்படி ஆண்டுக்குச் சுமார் 36,000 பேருக்கு வருகிறது, 13,000 பேரளவில் இறக்கிறார்கள். பணக்கார நாடுகளில் ஒரு இலட்சம் ஆண்களுக்கு ஒருவர்கூட இல்லை. தென்னமெரிக்கா, ஆபிரிக்கா, ஆசியாவின் சில பகுதிகளில் கூட. பெரும்பாலும் தோலின் மேற்படைக் கலங்களில் தொடங்குகிறது. முன்தோல் இறுகிப் பின்னுக்கு இழுபடாமல் இருப்பது, அதனால் உள்ளே துப்புரவு செய்ய முடியாமல் போவது, நீண்டநாள் அழற்சி, புகைத்தல் எல்லாம் ஆபத்தைக் கூட்டும். ஏறக்குறைய பாதிப் பேரில் எச்.பி.வி. வைரசின் தடயம் காணப்படுகிறது. கர்ப்பப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்குக் காரணமான அதே வைரசுக் குடும்பம்தான். இலங்கையில் 2017இலிருந்து பாடசாலையில் ஆறாம் வகுப்புப் பெண் பிள்ளைகளுக்கு இதற்குத் தடுப்பூசி போடுகிறார்கள். ஒஸ்ரேலியாவில் 2013இலும் இங்கிலாந்தில் 2019இலும் பெடியன்களுக்கும் போடத் தொடங்கிவிட்டார்கள். அது தனியாக எழுத வேண்டிய விசயம், இங்கே விடுகிறோம்.

மாமாவுக்கு முன்தோல் இளவயதிலிருந்தே இறுக்கம். அது ஒரு வருத்தம் என்று அவருக்கு ஒருவரும் சொன்னதில்லை, அவரும் ஒருவரிடமும் கேட்டதில்லை. ஐம்பதுகளின் கடைசியில், தோலுக்கு அடியில் ஒரு தடிப்பு. பிறகு கசிவு, மணம். பாமசியில் "சொறி" என்று சொல்லிப் பூச்சு மருந்து வாங்கிப் பூசியிருக்கிறார். ஒன்று முடிய இன்னொன்று. அப்படியே ஒரு வருடத்துக்குக் கிட்டப் போயிருக்கிறது. கடைசியில் மாமிதான் சாரத்தில் இரத்தக் கறையைக் கண்டு அழுது குழறி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினா. பயொப்சி எடுத்தார்கள். புற்றுநோய்தான்.

முதலில் பார்த்த சத்திரசிகிச்சை நிபுணர் முழுதாக எடுப்பதுதான் பாதுகாப்பு என்றாராம். நண்பன் அப்போது கோபப்பட்டான், நாங்களும் சேர்ந்து கோபப்பட்டோம். இப்போது யோசித்தால் அவரை முழுதாகக் குற்றம் சொல்ல ஏலாது. தோல் இறுகி, கிருமி தொற்றி, எல்லாம் வீங்கிக் கிடக்கிறது. கையால் தடவிப் பார்த்து எங்கே கட்டி முடிகிறது, எங்கே வீக்கம் தொடங்குகிறது என்று சொல்ல முடியாது. "மூண்டு மாசத்துக்கு ஒருக்கா தவறாமல் கிளினிக்குக்கு வருவீங்களோ?" என்றும் கேட்டிருக்கிறார். மாமா தோட்டம் செய்கிறவர். பஸ்சுக்கு இரண்டு மைல் நடக்க வேண்டிய ஊர். அவர் தலையை ஆட்டவில்லை.

உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத கத்தி பாதுகாப்புக்காகக் கூட வெட்டும். அது மருத்துவரின் கெட்ட மனம் இல்லை, தகவல் இல்லாததன் விளைவு.

இதை விளங்க உடலமைப்பைக் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். (கூச்சப்படுகிறவர்கள் இந்தப் பந்தியைத் தாண்டிப் போகலாம். ஆனால் தாண்டாதீர்கள்.) ஆண்குறிக்குள் பஞ்சு போன்ற திசுவாலான மூன்று தூண்கள் இருக்கின்றன. மேல்பக்கம் அருகருகாக இரண்டு. இரத்தம் நிறைந்து விறைப்பைத் தருவது முக்கியமாக இவைதான். கீழ்ப்பக்கம் ஒன்று, சிறுநீர் வழி அதற்குள்ளால்தான் போகிறது. அந்தக் கீழ்த்தூண் நுனியில் விரிந்துதான் மொட்டாகிறது. மேலேயுள்ள இரண்டு தூண்களையும் உறுதியான ஒரு வெள்ளை உறை சுற்றியிருக்கிறது. புற்றுநோய் பெரும்பாலும் மொட்டிலோ முன்தோலிலோ தொடங்கும். அது மொட்டோடும் கீழ்த்தூணோடும் நின்றால் ஒரு கட்டம். வெள்ளை உறையைத் துளைத்து மேல்தூண்களுக்குள் போனால் அடுத்த கட்டம். மருத்துவர்கள் இவற்றை ரி-2, ரி-3 என்கிறார்கள். அந்த மெல்லிய உறைக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதில் ஒரு மனிதனின் மீதி வாழ்க்கை பெருமளவு தங்கியிருக்கிறது.

இந்தப் பக்கம் என்றால் மொட்டை மட்டும் எடுத்து, தொடையிலிருந்து மெல்லிய தோல் எடுத்துப் போர்த்தி விடலாம். தண்டு மிஞ்சும். நின்று சிறுநீர் கழிக்கலாம். பலருக்கு உடலுறவும் முடிகிறது. அந்தப் பக்கம் என்றால் தண்டிலும் ஒரு பகுதி போகும். மிகவும் உள்ளே போயிருந்தால் முழுதாக எடுத்து, விதைப்பைக்குப் பின்னால் சிறுநீருக்கு ஒரு வழி அமைப்பார்கள். பிறகு வாழ்நாள் முழுக்க இருந்துதான் போக வேண்டும். ஊரில் வேலிக்கரையில் நின்று போகிற ஒரு மனிதனுக்கு அது எவ்வளவு பெரிய மாற்றம் என்பதை விளக்க வேண்டியதில்லை.

எம்.ஆர்.ஐ. செய்கிற வேலை இந்த இடத்தில்தான் வருகிறது. எக்ஸ்ரே கதிர் இல்லை. பலமான காந்தமும் ரேடியோ அலைகளும்தான். உடம்பிலுள்ள நீர் அவற்றுக்குக் காட்டுகிற பதிலை வைத்துப் படம் உருவாகிறது. மென்மையான திசுக்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துக் காட்டுவதில் அதற்குத் தனித் திறமை. ஒருவகைப் படத்தில் இரத்தம் நிறைந்த தூண்கள் வெளிச்சமாகவும், அவற்றைச் சுற்றிய உறை மெல்லிய கறுப்புக் கோடாகவும், கட்டி மங்கிய சாம்பல் நிறமாகவும் தெரியும். கறுப்புக் கோடு அறாமல் இருக்கிறதா, எங்காவது அறுந்து சாம்பல் உள்ளே நுழைந்திருக்கிறதா என்று கதிரியல் நிபுணர் பார்க்கிறார். விறைப்பு ஊசி எதற்கு என்ற கேள்விக்கும் இதுதான் பதில். தூண்கள் நிறைந்து நிமிர்ந்தால் கோடு இழுபட்டுத் தெளியும், மடிப்பு இருக்காது. புரொஸ்ரகிளான்டின் என்ற மருந்தைத் தண்டின் பக்கத்தில் ஏற்றுவார்கள். சிலவேளை விறைப்பு நாலு மணித்தியாலத்துக்கு மேலும் இறங்காமல் நிற்கும். அது அவசர நிலை, உடனே இறக்க வேண்டும். நல்ல இயந்திரமும் நுணுக்கமான படமும் இருந்தால் ஊசி இல்லாமலே போதும் என்று அதைக் கைவிட்ட இடங்களும் இருக்கின்றன.

எங்களுக்கு மிகவும் சுவாரசியமாகப்பட்ட ஒரு விசயம் வெட்டின் அளவு பற்றியது. நீண்ட காலம் கட்டியின் விளிம்புக்கு அப்பால் 2 சென்ரிமீற்றர் நல்ல திசுவையும் சேர்த்து எடுக்க வேண்டும் என்பதே விதி. அந்த விதி இருந்தவரை நுணுக்கமான படத்துக்குப் பெரிய தேவை இருந்திருக்காது. 2 சென்ரிமீற்றர் என்று போனாலே பலருக்கு மிச்சம் ஒன்றும் இராதே. பிறகு, 2000ஆம் ஆண்டை ஒட்டி, ஏற்கெனவே வெட்டி எடுத்தவற்றை நுணுக்குக்காட்டியில் பார்த்த ஆய்வாளர்கள், பெரும்பாலான கட்டிகள் கண்ணுக்குத் தெரியும் விளிம்பைத் தாண்டி அவ்வளவு தூரம் பரவுவதில்லை என்று கண்டார்கள். இன்று சில மில்லிமீற்றரே போதும் என்ற நிலைக்கு வந்திருக்கிறார்கள். விதி மில்லிமீற்றருக்கு இறங்கிய பிறகு விளிம்பு எங்கே என்று தெரிந்தே ஆக வேண்டியதாகிவிட்டது.

குறைவாக வெட்டினால் அதே இடத்தில் திரும்ப வரும் வாய்ப்பு கொஞ்சம் கூட. அதை மறைக்கக்கூடாது. ஆனால் திரும்ப வருவதை நேரத்தோடு பிடித்தால் திரும்ப எடுக்கலாம், உயிர்பிழைப்பில் பெரிய வித்தியாசம் வருவதில்லை என்பதுதான் இன்றைய நிலைப்பாடு. அதற்கு முதல் இரண்டு வருடமாவது மூன்று மாதத்துக்கு ஒருக்கால் கிளினிக். முதல் டொக்டர் மாமாவிடம் கேட்டது இதைத்தான். கேள்வி சரி. ஆனால் "வராவிட்டால் என்ன நடக்கும், வந்தால் எதைக் காப்பாற்றலாம்" என்று அவருக்குச் சொல்லப்படவில்லை. பஸ் தூரத்தைக் கணக்குப் பார்த்துத்தான் மாமா தலையாட்டாமல் இருந்தார். தன் உடம்பைக் கணக்குப் பார்க்க அவருக்கு ஒருவரும் வாய்ப்புக் கொடுக்கவில்லை.

கம்பசில் இதைப் பற்றிக் கதைத்தபோது ஒரு தோழி நேரடியாகக் கேட்டாள்: "மூளைக்கும் முள்ளந்தண்டுக்கும் எம்.ஆர்.ஐ. எடுக்க மாசக்கணக்கில லைன்ல நிக்கிற நாட்டில, இதுக்கும் மெசினைக் கேக்கிறீங்களோ?" நியாயமான கேள்வி. நாங்களும் எல்லாருக்கும் ஸ்கான் வேண்டும் என்று சொல்லவில்லை. ஐரோப்பிய சிறுநீரியல் சங்கத்தின் வழிகாட்டலும் அப்படிச் சொல்லவில்லை. மேலோட்டமான சிறு புண் என்றால் அனுபவமுள்ள மருத்துவரின் கையும் கண்ணும் போதும். எல்லாவற்றையும் தின்றுவிட்ட பெரிய கட்டி என்றால் படம் எடுத்தும் முடிவு மாறப்போவதில்லை. இடையில் இருக்கிறவர்களுக்குத்தான், உறையைத் தாண்டியதா இல்லையா என்ற சந்தேகமும் உறுப்பைக் காக்கலாம் என்ற நம்பிக்கையும் சேர்ந்து இருக்கிறவர்களுக்குத்தான், எம்.ஆர்.ஐ. தேவை. எம்.ஆர்.ஐ. கிடைக்காவிட்டால் அல்ட்ராசவுண்டாவது பார்க்கச் சொல்கிறார்கள். நோயே அரிது, அதிலும் இடைநிலையில் இருப்பவர்கள் இன்னும் குறைவு. ஒருவருக்கு முக்கால் மணித்தியாலம் போதும். இது வரிசையை நீட்டப் போகிற கூட்டம் இல்லை.

உண்மையான தட்டுப்பாடு வேறு என்று எங்களுக்குப் படுகிறது. இந்தப் படத்தை வருடத்துக்கு ஒன்று பார்க்கிறவர் அதைச் சரியாக வாசிக்க மாட்டார். பயொப்சி எடுத்த இடத்தின் இரத்தக்கசிவும் அழற்சியும் கட்டி போலத் தெரிந்து, உள்ளதைவிடக் கூடுதலாகச் சொல்ல வைக்கலாம். இங்கிலாந்தில் 2002இல் வந்த தேசிய வழிகாட்டல் இதற்கு ஒரு தீர்வு சொன்னது: குறைந்தது 40 இலட்சம் மக்களுக்கு ஓர் அணி. அறுவை, கதிரியல், நோய்க்குறியியல் எல்லாம் ஒன்றாக இருந்து இந்த நோயைத் திரும்பத் திரும்பப் பார்க்கிற அணி. ஊருக்கு ஊர் ஒரு டொக்டர் மூன்று வருடத்துக்கு ஒருக்கால் இதைச் செய்வதை நிற்பாட்டி, நோயாளிகளை அந்த அணிகளிடம் அனுப்பச் சொன்னது. இலங்கையின் சனத்தொகை இரண்டு கோடிக்குச் சற்று மேல். அந்தக் கணக்கில் ஐந்து அணி. ஐந்து வேண்டாம், இரண்டு இருந்தாலும் வன்னியிலிருந்து போகிற ஒருவருக்கு எங்கே போவது என்று தெரியும். முதல் ஆஸ்பத்திரியில் ஒரு முடிவும், சொந்தக்காரரின் சொந்தக்காரர் சொல்லிப் போன இரண்டாவது இடத்தில் இன்னொரு முடிவும் வருகிற நிலை குறையும். மாமாவுக்கு நடந்தது அதுதான். ஆரோ ஒருவர் "இன்னொருத்தரிட்டக் காட்டிப் பாருங்கோ" என்றதால் நடந்தது. அந்த ஆரோ இல்லாதவர்கள்?

ஸ்கான் கடைசியில் தனியாரில்தான் எடுக்கப்பட்டது. அரச ஆஸ்பத்திரியில் கிடைத்த திகதி தூரமாக இருந்தது. காசுக்கு மாமியின் காப்பு அடகுக்குப் போனது. மிச்சத்தை நாங்கள் பட்சுக்குள் சேர்த்தோம், என்ன வருத்தம் என்று சொல்லாமல். "ஒரு சொந்தக்காரருக்கு ஒப்பரேசன்" என்று மட்டும் வட்ஸ்அப்பில் போட்டோம். மார்பகப் புற்றுநோய் என்றால் அப்படியே எழுதியிருப்போம். இதை எழுதும்போது அது உறுத்துகிறது.

ஒரு காலத்தில் மார்பகப் புற்றுநோயையும் எங்கள் ஊர்களில் "நெஞ்சில கட்டி" என்றுதான் சொன்னார்கள். பெண்கள் கதைக்கத் தொடங்கினார்கள். ஒக்ரோபர் மாதம் முழுக்க இளஞ்சிவப்பு நாடா. சுயபரிசோதனை பற்றிப் பாடசாலையிலேயே சொல்கிறார்கள். 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்து, தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலைக்குப் பணம் சேர்த்த நாடு இது. புற்றுநோய் என்றால் எங்கள் சனம் காசும் தரும், நடக்கவும் செய்யும். இந்த உறுப்பின் பெயரைச் சொன்னால்தான் எல்லாரும் நிலத்தைப் பார்க்கிறார்கள்.

பெயர் என்றால், எங்களிடம் என்ன பெயர் இருக்கிறது? பத்திரிகையில் "மர்ம உறுப்பு". இதில் என்ன மர்மம்? பாடப்புத்தகத்தில் "ஆண் இனப்பெருக்கத் தொகுதி". வீட்டில் சின்னப் பிள்ளைக்குச் சொல்கிற செல்லப் பெயர். சந்தியில் கெட்ட வார்த்தை. ஐம்பத்தெட்டு வயது மனிதன் டொக்டரின் முகத்தைப் பார்த்துச் சொல்லக்கூடிய ஒரு சொல் இந்த நாலுக்குள் இல்லை. அதனால் "சொறி" என்றார், ஒரு வருடம் போனது. அதே காரணத்தால் நண்பனும் எங்களிடம் "கீழ" என்றான். ஆண்குறி என்ற நல்ல தமிழ்ச்சொல் இருக்கிறது, அதை வாயால் சொல்லிப் பழகவில்லை, அவ்வளவுதான். அந்த இரவு அறையில் அந்தச் சொல்லைப் பத்துத் தரம் சத்தமாகச் சொல்ல வேண்டி வந்தது. முதல் மூன்று தரம் சிரித்தோம். பிறகு சிரிப்பு வரவில்லை.

இதற்குமேல் மொழிப் பிரச்சினை. டொக்டர் ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் கதைக்கிறார். மாமாவுக்கு இரண்டும் தெரியாது. நடுவில் மருமகன். "இந்த ஊசியால விறைப்பு வரும், பயப்பிட வேண்டாம் எண்டு சொல்லுங்கோ" என்று டொக்டர் சொல்ல, அதை அவன் தன் தாயின் தம்பிக்குச் சொல்ல வேண்டும். சின்ன வயதில் தன்னைத் தோளில் தூக்கித் திருவிழா காட்டிய மனிதனுக்கு. அவன் என்ன சொன்னான் என்று பிறகு கேட்டோம். "ஒரு ஊசி போடுவினமாம், ஒண்டுமில்லையாம்" என்று மட்டும் சொன்னானாம். மாமா கையெழுத்து வைத்தார். சட்டப்படி அது சம்மதம். தமிழ் ஓர் அரசகரும மொழி என்று அரசியலமைப்பில் இருக்கிறது. ஸ்கான் அறைக்கு வெளியே, கையில் பேனையோடு நிற்கிற நோயாளிக்கு அது வந்து சேரவில்லை. குடும்பத்துக்குள் இருந்து மொழிபெயர்ப்பாளரை எடுத்தால் இப்படித்தான் நடக்கும். அவன் பொய் சொல்லவில்லை, மரியாதை காத்தான்.

அதனால்தான் துண்டு எங்களிடம் வந்தது. சத்திரசிகிச்சைக்கு முன் மாமாவுக்கு ஒழுங்காகச் சொல்ல வேண்டும் என்று டொக்டர் உறுதியாக நின்றார். நல்ல மனிதர். நாங்கள் ஒரு பக்கத்தில் தமிழில் எழுதிக் கொடுத்தோம். மாமா அதைத் தானே தனியாக வாசித்தார். வாசித்து முடித்து, முதல்முறையாகக் கேள்வி கேட்டாராம்.

படத்தில் கறுப்புக் கோடு அறாமல் இருந்தது. கட்டி மொட்டிலும் கீழ்த்தூணின் நுனியிலும் நின்றிருந்தது. டொக்டர் அந்தப் படத்தைத் திரையில் மாமாவுக்கும் காட்டினார். "இந்தக் கோட்டுக்கு அங்கால போகேல்ல" என்று நண்பன் இந்த முறை முழுதாக மொழிபெயர்த்தான். மொட்டை எடுத்தார்கள். தண்டு தப்பியது. எடுத்ததன் விளிம்பில் புற்றுநோய் இல்லை என்று றிப்போர்ட் வந்தது.

ஸ்கான் எல்லாவற்றையும் காப்பாற்றியது என்று எழுதினால் அது பொய். இந்த நோயில் உயிரைத் தீர்மானிப்பது பெரும்பாலும் கவட்டில் இருக்கிற நிணநீர்க் கணுக்கள்தான். ஊரில் "நெறி கட்டியிருக்கு" என்பார்களே, அந்த இடம். நோய் அங்கே போகாமல் இருந்தால் பத்தில் ஒன்பது பேரளவில் ஐந்து வருடத்தைத் தாண்டுகிறார்கள். போயிருந்தால் அந்தக் கணக்குச் சரியும். வீங்கிய கணுவை எம்.ஆர்.ஐ. காட்டும். வீங்காத கணுவுக்குள் ஒளிந்திருக்கும் ஒரு சில கலங்களைக் காட்டாது. தடவிப் பார்க்கையில் ஒன்றுமில்லாதவர்களிலும் ஐந்து பேரில் ஒருவருக்காவது அப்படி ஒளிந்திருக்கலாம். அதனால் மாமாவுக்கு இரண்டு பக்கமும் கணுக்களை எடுத்தார்கள். அந்தக் காயம்தான் ஆற நாள் எடுத்தது. ஒரு கால் இன்னும் வீங்குகிறது. முதல் கணுவை மட்டும் தேடி எடுத்துப் பார்த்து, அதில் இல்லையென்றால் மிச்சத்தை விட்டுவிடும் முறையும் இருக்கிறது. இந்த நோயில் அதை 1977இல் எழுதியவர் பரகுவேயைச் சேர்ந்த றமோன் கபானாஸ். பிறகு மார்பகப் புற்றுநோயில் அதே எண்ணம் உலகம் முழுக்கப் பரவி, எத்தனையோ பெண்களின் கை வீங்காமல் காத்தது. ஆனால் அதற்கும் தேர்ந்த அணி வேண்டும். மாமாவுக்கு அது கிடைக்கவில்லை.

இப்போது அவர் மூன்று மாதத்துக்கு ஒருக்கால் கொழும்புக்குப் போய் வருகிறார். இரவு பஸ். இதுவரை ஒன்றையும் தவறவிடவில்லை.

எழுதிக் கொடுத்த பக்கத்தைத் திருத்தி, ஸ்கானுக்கும் சத்திரசிகிச்சைக்கும் போகிற எவருக்கும் உதவக்கூடியதாக ஆக்கலாம் என்று நினைத்தோம். மருத்துவபீடத்து நண்பர்கள் இரண்டு பேர் பிழை பார்த்துத் தருகிறார்கள். சிங்களத்தில் செய்யவும் ஒருவர் முன்வந்திருக்கிறார். போன மாதம் அதை மாமாவிடம் காட்டினோம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஆறுதலாக வாசித்தார். "அகற்றல்" என்று இருந்த இடங்களைக் காட்டி, "இது பத்தை வெட்டுற மாதிரிக் கிடக்கு, எடுக்கிறது எண்டு போடுங்கோ பிள்ளையள்" என்றார். ஆண்குறி என்ற சொல்லை மாற்றச் சொல்வார் என்று எதிர்பார்த்தோம். மாற்றச் சொல்லவில்லை.

"ஸ்கான் அறை நல்ல குளிர். அதையும் எழுதுங்கோ. போர்வை கேட்டால் தருவினம், கேக்காட்டித் தராயினம்."

சேர்த்துவிட்டோம்.